செரோக் தோக்குன் கல்லெழுத்தைக் காணச் செல்வோர்க்கு

பினாங்கு மாநிலத்தில் ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுப் பழமையுள்ள கல்லெழுத்து ஒன்று இருக்கிறது என்று சொன்னால், இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர்கள் பலர் "எங்கே?" என்றுதான் கேட்கிறார்கள். அது தீவில் இல்லை. கடலைக் கடந்து, பெருநிலத்துச் செபராங் பிறையில், புக்கிட் மெர்தாஜாம் மலையடிவாரத்தில், செரோக் தோக்குன் என்னும் இடத்தில், புனித அன்னாள் தேவாலய வளாகத்துக்குள் ஒரு பெரிய கருங்கற்பாறையில் அது இருக்கிறது. ஆண்டுதோறும் ஜூலை 26-ஆம் நாள் திருவிழாவுக்கு அந்த வளாகத்துக்குச் செல்லும் நம் மக்களில் பலரும் அதனருகே நடந்து போகிறார்கள். நின்று பார்ப்பவர்கள் குறைவு. நின்றவர்களிலும் பாதிப்பேர் எதையும் காணாமல் திரும்புகிறார்கள். அப்படி ஏமாற்றத்தோடு திரும்பாமல் அந்தக் கல்லெழுத்தை உண்மையிலேயே கண்ணால் கண்டு வருவது எப்படி என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

புறப்படுமுன் எதைப் பார்க்கப் போகிறோம் என்பதைத் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். சென்னைப் படையைச் சேர்ந்த அதிகாரியாக இருந்து, பிற்பாடு இப்பகுதியின் நிர்வாகத்தைக் கவனித்த ஜேம்ஸ் லோ என்னும் ஸ்காட்லாந்துக்காரர் 1845-ஆம் ஆண்டில் இந்தப் பாறையின் எழுத்துகளைக் கண்டு வெளியுலகுக்குத் தெரிவித்தார். எழுத்தின் வடிவத்தை வைத்து அறிஞர்கள் இதனை ஐந்து அல்லது ஆறாம் நூற்றாண்டுக்கு உரியதாகக் கணிக்கிறார்கள். எழுத்து, பல்லவர் காலத் தென்னிந்திய எழுத்து வகையைச் சேர்ந்தது. மொழி சமஸ்கிருதம். பாறை மிகவும் தேய்ந்துவிட்டதால் தொடர்ச்சியான வாசகமாக முழுப் பொருளும் கிடைப்பதில்லை.

இந்த இடத்தில் நம்மவர்களிடம் ஒன்றைப் பணிவோடு சொல்ல விரும்புகிறேன். கெடா, கடாரம் என்ற சொற்களைக் கேட்டதுமே நம் நினைவு இராசேந்திர சோழனிடம் ஓடிவிடுகிறது. செரோக் தோக்குன் பாறையையும் சோழர் விட்டுச்சென்ற தமிழ்க் கல்வெட்டு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர்களை நானே பார்த்திருக்கிறேன். இராசேந்திரனின் கடாரப் படையெடுப்பு நடந்தது 1025-ஆம் ஆண்டு. இந்தப் பாறையில் உளி பட்டது அதற்கு நானூறு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே. இதை ஒப்புக்கொள்வதால் நமக்கு எந்தக் குறையும் வந்துவிடாது. படையெடுப்பு ஏதும் இல்லாமலேயே, வங்கக் கடலின் இரு கரைகளுக்கும் இடையே வணிகரும் மாலுமிகளும் துறவிகளும் போய்வந்துகொண்டிருந்த காலத்தின் சாட்சி அது. நம் கிரந்த எழுத்து பிறந்த அதே மரபிலிருந்துதான் சாவகத்தின் பழைய எழுத்தும், கெமர் எழுத்தும், அதன் வழியே தாய்லாந்து எழுத்தும் கிளைத்தன. அந்தப் பயணத்தின் தொடக்கக் காலத்துச் சுவடு ஒன்று நம் வீட்டிலிருந்து ஒரு ரயில் தூரத்தில் இருக்கிறது என்பதே போதுமான பெருமை.

அதே ஜேம்ஸ் லோ 1834-இல் செபராங் பிறையின் வடபகுதியில் இன்னொரு கல்லைக் கண்டெடுத்தார். இரத்தமிருத்திகை என்னும் ஊரைச் சேர்ந்த புத்தகுப்தன் என்ற பெருமாலுமியின் பெயர் அதில் உள்ளது; பயணம் கைகூட வேண்டும் என்ற வேண்டுதலும் உள்ளது. அறியாமையால் வினை பெருகும், வினையே பிறவிக்குக் காரணம், அறிவு வந்தால் வினை இல்லை, வினை இல்லையேல் பிறவி இல்லை என்னும் கருத்துடைய பௌத்தச் செய்யுள் ஒன்றும் அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கல் இப்போது கொல்கத்தாவில், இந்திய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. செரோக் தோக்குன் பாறையோ பெயர்த்தெடுக்க முடியாத அளவு பெரியது. அதனால்தான் இன்றும் இங்கேயே இருக்கிறது. போவதற்கு முன் புத்தகுப்தன் கல்லின் படத்தை இணையத்தில் தேடி, பெரிதாக்கி, நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அக்கால எழுத்தின் தோற்றம் கண்ணில் பதிந்திருந்தால்தான் தேய்ந்த பாறையில் அதை அடையாளம் காண முடியும். இதற்கு ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கினால் போதும்.

குறிப்பாகச் சில வடிவங்களை மனத்தில் வாங்கிக்கொள்ளலாம். ககரம் ஏறக்குறைய ஒரு கூட்டல் குறி, அதன் செங்குத்துக் கால் மட்டும் கீழே நீண்டிருக்கும். ரகரமும் நீண்ட காலுடையது. அடியில் கொக்கிபோல் வளைந்து மேல்நோக்கித் திரும்பும். இகர உயிர்க்குறி எழுத்தின் தலைமேல் ஒரு சுழியாக நிற்கும்; நாம் இன்று போடும் இகர விசிறிக்கு அது மூதாதை. இந்த மூன்றையும் தாளில் பத்துமுறை கையால் எழுதிப் பார்த்தவருக்கும் எழுதாதவருக்கும் பாறையின் முன் நிற்கும்போது உள்ள வேறுபாடு பெரிது.

பாலைவனங்களில் உள்ள பாறை எழுத்துகளின் படங்களைப் பார்த்துப் பழகியவர்கள் இங்கே வந்ததும் திகைப்பதற்குக் காரணம் உண்டு. ஜோர்தானின் வாடி ரம் போன்ற இடங்களில் பாறையின் மேற்பரப்பு காலப்போக்கில் கருமையான மெருகு பூசிக்கொள்கிறது. அந்த மெருகைக் கொத்தி எடுத்தால் அடியிலுள்ள வெளிர்நிறம் எழுத்தாகத் தெரிகிறது. மழை அரிது என்பதால் அது நெடுங்காலம் நிலைக்கிறது. நம் நாட்டில் நிலைமை நேர்மாறு. கருங்கல்லில் உள்ள ஃபெல்ஸ்பார் என்னும் கனிமம் வெப்பமும் ஈரமும் சேர்ந்து தாக்கும்போது மெல்ல மெல்லக் களிமண்ணாகிறது. அது பிடித்துக்கொண்டிருந்த மணிகள் உதிர்கின்றன. மேலே பாசியும் கற்பாசியும் படர்கின்றன. எழுத்துக்கும் பாறைக்கும் நிற வேறுபாடு கிடையாது. எஞ்சியிருப்பது ஆழ வேறுபாடு மட்டுமே, அதுவும் மிகச் சிறியது. ஆகவே இங்கே நிறத்தைத் தேடக் கூடாது, நிழலைத் தேட வேண்டும். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

நிழல் விழ வேண்டுமானால் ஒளி சாய்ந்து வர வேண்டும். நான் முதல்முறை சென்றது நண்பகல் பன்னிரண்டரை மணிக்கு. உச்சி வெயிலில் பாறை முழுவதும் ஒரே சாம்பல் நிறமாக, தட்டையாகத் தெரிந்தது. அரை மணி நேரம் நின்றும் ஒன்றும் புலப்படவில்லை. அதே மாதத்தில் மறுபடி காலை எட்டரை மணிக்குச் சென்றபோதுதான் கோடுகள் எழுந்து நின்றன. பினாங்கில் பொழுது விடிவது ஏழு மணியை ஒட்டி. சாய்வது இரவு ஏழு, ஏழரைக்கு. ஆகவே காலை எட்டு முதல் ஒன்பதரைக்குள், அல்லது மாலை ஐந்தரை மணிக்கு மேல் பாறையின் முன் இருக்குமாறு திட்டமிட வேண்டும். நான் காலையையே பரிந்துரைப்பேன், ஏனென்றால் பிற்பகலில் இடியும் மழையும் வருவது இங்கு வழக்கம். செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை மிகுதி. ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் வறண்டவை, பயணத்துக்கு ஏற்றவை. முதல்நாள் இரவு பெருமழை பெய்திருந்தால் ஒருநாள் தள்ளிப் போடுவது நல்லது. ஈரப் பாறை கருத்து மினுங்கி, உள்ள நிழலையும் மறைத்துவிடும்.

ஜார்ஜ்டவுனிலிருந்து செல்பவர்கள் ஃபெரியில் பட்டர்வொர்த் வரலாம். வானம் தெளிவாக இருந்தால் ஃபெரியின் வடபுறம் நின்று பாருங்கள், கெடாவின் ஜெராய் மலை நீலமாகத் தெரியும். 1,217 மீட்டர் உயரமுள்ள அந்த மலைதான் பழங்கால மாலுமிகளுக்குக் கரையடையாளமாக இருந்தது. இறங்கியதும் பினாங்கு சென்ட்ரல் வழியாகவே ரயில் நிலையத்துக்கு நடந்து சென்று கொமுட்டர் ரயில் ஏறலாம். புக்கிட் தெங்காவுக்கு அடுத்த நிலையம் புக்கிட் மெர்தாஜாம். ரயில்கள் அடிக்கடி வருவதில்லை, நேர அட்டவணையை முதல்நாளே பார்த்துவிடுங்கள். கோலாலம்பூரிலிருந்து வருபவர்களுக்கு இடிஎஸ் என்னும் மின்சார விரைவு ரயில் நேராகப் புக்கிட் மெர்தாஜாமிலேயே நிற்கும், பயணம் ஏறத்தாழ நான்கு மணி நேரம். ஆனால் காலை ஒளியைப் பிடிக்க வேண்டுமென்றால் முதல்நாளே வந்து தங்குவதுதான் வழி. நிலையத்திலிருந்து வாடகை வண்டிக்காரரிடம் ஜாலான் கூலிமில் உள்ள செயின்ட் ஆன்ஸ் என்றால் போதும். ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வளாகத்துக்குள் சென்றபின் கல்லைப் பற்றிக் கேட்க வேண்டுமானால் 'கல்வெட்டு' என்ற சொல் உதவாது. மலாயில் 'பத்து பெர்சூராட்' என்று கேளுங்கள். எழுத்துள்ள கல் என்று பொருள்.

அது வழிபாட்டுத் தலம் என்பதை ஒரு கணமும் மறக்கக் கூடாது. மலேசியாவின் மூலை முடுக்குகளிலிருந்தும் மக்கள் நேர்ச்சையோடு வரும் இடம் அது. தமிழிலும் அங்கே திருப்பலி நடக்கிறது. 1888-இல் கட்டப்பட்ட பழைய ஆலயம் இன்னும் இருக்கிறது. மரியாதையான உடையில் செல்லுங்கள், வழிபாடு நடக்கும் வேளையில் முக்காலிக் கேமராவோடு குறுக்கே நடக்காதீர்கள், நெடுநேரம் நின்று குறிப்பெடுக்கப் போவதானால் அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். திருவிழாவை ஒட்டிய நாட்களில் கல்லுக்காக மட்டும் செல்ல வேண்டாம். கூட்டம் பெருகியிருக்கும்.

கையில் எடுத்துச் செல்ல வேண்டியவை குறைவு. ஒளி குவிந்து அடிக்கும் சிறிய டார்ச் விளக்கு, குறிப்பேடு, பென்சில், அளவுக்காக ஒரு சிறிய ஸ்கேல், ஒன்றரை லிட்டர் தண்ணீர், கொசுத் தைலம், மெல்லிய மழைக்கோட்டு. மலையும் ஏறப் போகிறீர்கள் என்றால் காலுக்கு 'அடிடாஸ் கம்போங்' என்று நம்மவர்கள் அழைக்கும் கறுப்பு ரப்பர் காலணியே சிறந்தது. தோட்டத் தொழிலாளர்கள் காலங்காலமாக நம்பிய காலணி அது, ஈரத்தில் வழுக்காது, சாமான் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். சாக்பீஸ், தூரிகை, மாவு எதையும் கொண்டுபோகாதீர்கள்.

பாறையின் முன் வந்ததும் உடனே எழுத்தைத் தேடத் தொடங்க வேண்டாம். தகவல் பலகை இருந்தால் படியுங்கள். வேலியோ தடுப்போ இருந்தால் அதற்கு வெளியிலேயே நின்றுகொள்ளுங்கள். முதல் ஐந்து நிமிடம் பாறையின் இயல்பை மட்டும் கவனியுங்கள். வெள்ளை மணி ஃபெல்ஸ்பார், மினுக்கும் கறுப்புச் செதில் அபிரகம், வட்டவட்டமாகப் படர்ந்திருப்பது கற்பாசி. விரிசல்கள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்று பாருங்கள். இயற்கை விரிசல் கோணல்மாணலாக, மணிகளின் ஓரத்தைத் தழுவிக்கொண்டு, பாறையின் விளிம்புவரை நிற்காமல் ஓடும். அகலமும் இடத்துக்கு இடம் மாறும். உளிக்கோடு அப்படியன்று. அதன் அகலம் ஏறத்தாழ ஒரே சீராக இருக்கும், அடி உருண்டு தேய்ந்திருக்கும், தொடங்கிய இடமும் முடிந்த இடமும் தெரியும். அண்மைக் காலத்துக் கீறல்களுக்கும் தனி அடையாளம் உண்டு: விளிம்பு கூர்மையாக, உட்புறம் சுற்றியுள்ள பாறையைவிட வெளுத்திருக்கும். இந்த மூன்றையும் பிரித்தறியப் பழகியபின் கண் தானாகவே தேவையற்றதைத் தள்ளிவிடும்.

பிறகு இடம் மாறி நின்று பாருங்கள். நேரே நின்று பார்ப்பதைவிட, ஒளி வரும் திசைக்குக் குறுக்காக நின்று பார்த்தால் பள்ளங்களின் ஒரு கரை இருண்டும் மறுகரை வெளுத்தும் தெரியும். மரநிழல் விழுந்து வெயில் எட்டாவிட்டால் டார்ச் விளக்கைப் பாறையின் பரப்போடு ஒட்டினாற்போல், மிகத் தாழ்வான கோணத்தில் பக்கவாட்டிலிருந்து அடிக்க வேண்டும். நேராக அடித்தால் உச்சி வெயில் செய்த அதே தீங்கைத்தான் அது செய்யும். இரண்டு பேராகச் செல்வது இதனால்தான் நல்லது. ஒருவர் விளக்கைப் பிடிக்க, மற்றவர் பார்க்கலாம்.

இரண்டாம் முறை தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கும் என் மகளை அழைத்துச் சென்றிருந்தேன். நான் நின்றுகொண்டு பார்த்த இடத்தில் எனக்குப் பாசி மட்டுமே தெரிந்தது. அவள் குந்தி உட்கார்ந்து விளக்கை இடப்பக்கம் தாழ்த்தினாள்.

"அப்பா, இது விரிசலா, எழுத்தா? கீழ கொக்கி மாதிரி வளைஞ்சு மேல போகுது."

"எங்கேயாவது நிக்குதா, ஓடிக்கிட்டே இருக்கா பாரு."

"நிக்குதுப்பா."

விளக்கை வலப்பக்கம் கொண்டுபோகச் சொன்னேன். நிழல் மறுகரைக்கு மாறியது. கோட்டின் வடிவம் மாறவில்லை. விளக்கின் திசை மாறியபோதும் வடிவம் நிலைத்து நின்றால் அங்கே உண்மையாகவே ஒரு பள்ளம் இருக்கிறது என்று கொள்ளலாம். மறைந்துபோனால் அது பாசியின் நிறமாகவோ கண்ணின் மயக்கமாகவோ இருக்கக்கூடும். அவள் குறிப்பேட்டில் அந்த வடிவத்தை வரைந்து, பக்கத்தில் 'ர' என்று எழுதப் போனாள். 'ர?' என்று எழுதச் சொன்னேன். கண்டதை வரைவது வேறு, அது இன்ன எழுத்து என்று தீர்மானிப்பது வேறு. கல்வெட்டு அறிஞர்களும் ஐயமுள்ள எழுத்துகளைத் தனியே குறியிட்டுத்தான் வெளியிடுகிறார்கள்.

படம் எடுப்பதிலும் இதே முறைதான். கைப்பேசியை அசையாமல் ஒரே இடத்தில் வைத்து, விளக்கை மட்டும் இடம், வலம், மேல், கீழ் என மாற்றி நான்கு படங்கள் எடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். ஒரு படத்திலாவது ஸ்கேல் தெரியட்டும், அதைப் பாறைமேல் ஒட்டாமல் பக்கத்தில் பிடித்தால் போதும். வீட்டுக்கு வந்து நான்கையும் அடுத்தடுத்துப் புரட்டினால் நேரில் தெரியாத கோடுகள்கூடத் தெரியவரும்.

சாக்பீஸ் பற்றி மேலே சொன்னதை விளக்கியாக வேண்டும், ஏனென்றால் நல்லெண்ணத்தோடு தவறு செய்பவர்கள் அதிகம். எழுத்தின் பள்ளத்தில் சுண்ணத்தைத் தேய்த்தால் படம் அழகாக வருவது உண்மைதான். ஆனால் தூள் மணிகளின் இடுக்கில் புகுந்து தங்கிவிடுகிறது. அதைத் தேய்த்துக் கழுவும்போது ஏற்கெனவே தளர்ந்த மணிகளும் சேர்ந்து உதிர்கின்றன. அதைவிடப் பெரிய கேடு, சாக்பீஸ் பிடித்தவர் எதை எழுத்து என்று நினைத்தாரோ அதையே பின்னால் வருபவர் அனைவரும் பார்க்க நேர்வது. பாசியைச் சுரண்டுவதும், தண்ணீர் ஊற்றுவதும், தாளை நனைத்து ஒட்டி மைப்படி எடுப்பதும் பயிற்சியும் அனுமதியும் உள்ளவர்களின் வேலை. 2005-ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டப்படி மரபுச் சின்னங்களைச் சேதப்படுத்துவது தண்டனைக்குரிய குற்றம் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 2013-இல் கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கில் பதினோராம் எண் சண்டி என்னும் பழங்காலக் கோயிலின் எச்சங்கள் நிலமேம்பாட்டு வேலையில் இடித்துத் தள்ளப்பட்ட செய்தி வந்தபோது நம் சமூகம் எவ்வளவு வேதனைப்பட்டது என்பது பலருக்கு நினைவிருக்கும். அதே அக்கறையை நம் கையில் உள்ள சாக்பீஸிடமும் காட்ட வேண்டும்.

கல்லைப் பார்த்து முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆகும். அதன்பின் மலையேற விரும்புவோர் அருகிலுள்ள புக்கிட் மெர்தாஜாம் பொழுதுபோக்கு வனத்துக்குச் செல்லலாம். மலை 500 மீட்டருக்கு மேல் உயரமுள்ளது. உச்சியில் உள்ள தொலைத்தொடர்புக் கோபுரம்வரை தார்ச்சாலை இருக்கிறது, காட்டுப் பாதைகளும் உண்டு. முதல்முறை செல்பவர்கள் சாலையிலேயே நடப்பது நல்லது. நடந்து பழகியவர்களுக்கே மேலே செல்ல ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகலாம். இறங்கும் வழியில் முழங்காலுக்குத்தான் வேலை அதிகம். குரங்குகள் இருக்கும், உணவுப் பையைக் கையில் தொங்கவிடாதீர்கள். இடி முழங்கத் தொடங்கிவிட்டால் உச்சியை மறந்துவிட்டு இறங்குங்கள்.

வண்டி வைத்திருப்பவர்களுக்கு மலையைவிட நான் சொல்லும் வழி வேறு. நண்பகலுக்கு முன்பே வடக்கே கிளம்பி, சுங்கை பட்டாணியைக் கடந்து மெர்போக் சென்றால் ஜெராய் மலையடிவாரத்தில் லெம்பா பூஜாங் (பூஜாங் பள்ளத்தாக்கு) தொல்லியல் அருங்காட்சியகம் இருக்கிறது. பக்கத்திலேயே, ஓடையை ஒட்டி, 1959-60 ஆண்டுகளில் மீட்டெடுத்துச் சீரமைக்கப்பட்ட புக்கிட் பத்து பகாட் சண்டி நிற்கிறது. அருகில் சுங்கை பத்துவில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் 2009 முதல் அகழாய்வு செய்து, இரும்பு உருக்கிய உலைகளின் தடயங்களை வெளிக்கொணர்ந்திருக்கிறார்கள். புத்தகுப்தன் கல்லில் உள்ள அதே வினைச் செய்யுள் கெடாவில் புக்கிட் மெரியாமிலும் சுங்கை மாஸிலும் கிடைத்த கல்லெழுத்துகளிலும் உண்டு. காலையில் தேய்ந்த பாறையில் ஒற்றைக் கோட்டைக் கண்டுபிடிக்கப் பாடுபட்ட கண்ணோடு அங்கே சென்றால் ஒவ்வொரு கல்லின் அருகிலும் குனிந்து பக்கவாட்டில் பார்க்கத் தோன்றும். டார்ச் விளக்கைப் பையிலிருந்து எடுக்குமுன் காவலரிடம் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். அன்று மாலை நாங்கள் கேட்டபோது அவர் மறுக்கவில்லை, எங்களோடு சேர்ந்து குனிந்தும் பார்த்தார்.